காசு கட்டி விழப் போகிறோம்

பேர்ண், சுவிஸ்
தை மாதம்

அன்புள்ள அத்தானுக்கு,

  இந்த முறை களனி ஆறு வாசற்படி ஏறவில்லை என்று அக்கா சொன்னா. நிம்மதி.

மாசி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். மலைக்கு. காலில் இரண்டு கட்டையைப் பூட்டிக்கொண்டு, காசு கொடுத்து மேலே ஏறி, கீழே விழுவதற்கு. ஏன் என்று கேட்காதீர்கள், ஊரே போகிறது. இந்த விடுமுறை வந்த கதை உங்களுக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் நிலக்கரித் தட்டுப்பாடு. வகுப்புகளைச் சூடாக்க வழியில்லாமல் குளிர்காலத்தில் பள்ளிக்கூடங்களைக் கொஞ்ச நாள் பூட்டினார்கள். போர் முடிந்து நிலக்கரி திரும்பி வந்தது. விடுமுறை மட்டும் போகவில்லை, விளையாட்டு விடுமுறை என்று பெயர் மாற்றிக்கொண்டு நின்றுவிட்டது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் இலங்கையிலும் பள்ளிக்கூடம் பூட்டினார்கள். அதைத் திருவிழாவாக்கும் யோசனை நம்மவர் ஒருவருக்கும் வரவில்லை.

எந்த மலையூருக்குப் போவது என்பதில் இப்போது வீட்டில் இரண்டு கட்சி. மகன் செர்மாட் கட்சி, மனைவி கிரிண்டல்வால்ட் கட்சி. மகள் கூட்டணிப் பேச்சில் இருக்கிறாள். புது ஜாக்கெட் வாங்கித் தருகிற பக்கம் சாய்வாள்.

செர்மாட் மலை உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் வரும்போதெல்லாம் கொண்டு வரும் டொப்ளரோன் பெட்டியில் கூராக நின்றதே, அந்த மாட்டர்ஹோர்ன், 4,478 மீட்டர். சொக்கிலட்டில் ஒரு பகுதியைச் சுலோவாக்கியாவில் செய்வதென்று முடிவானதும், இந்த நாட்டுச் சின்னத்தைப் பாவிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2023 இல் மலையைப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது அதில் நிற்பது பேர் ஊர் தெரியாத ஏதோ ஒரு மலை. போன முறை அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து “இது டூப்ளிகேட்டா?” என்று கேட்டாவே, அதற்குப் பதில் இதுதான்.

செர்மாட்டுக்குள் கார் விடமாட்டார்கள். பக்கத்து ஊரான டேஷில் விட்டுவிட்டு ரெயிலில் போகவேண்டும். உயரத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: ஊர் 1,600 மீட்டர் சொச்சம். நுவரெலியா 1,868! சித்திரையில் நீங்கள் குதிரை றேஸ் பார்க்கப் போகிற ஊர், செர்மாட்டையும் தாண்டி, கோடீஸ்வரர்கள் வந்து இறங்கும் சென் மொறிட்சையும் தாண்டி நிற்கிறது. உயரத்தில் நமக்குக் குறைவில்லை அத்தான், அகலக்கோட்டில்தான் கோட்டை விட்டோம்.

மகன் செர்மாட்டுக்கு அடம்பிடிப்பது இத்தாலிக்காக. கேபிள் காரில் 3,883 மீட்டர் வரை ஏறலாம். அங்கே பனியாறு, வருடம் முழுக்கச் சறுக்கலாம். அந்தப் பக்கமாகச் சறுக்கி இறங்கினால் செர்வீனியா, இத்தாலி. மத்தியானம் அங்கே பாஸ்தா, பின்னேரம் திரும்பி வந்து தேத்தண்ணீர். அவன் வரைபடத்தை விரித்து விளக்க விளக்க எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இதே இத்தாலி எல்லையை நான் கடந்த கதை உங்களுக்குத் தெரியும். அம்மாவின் காப்பு அடகுக்கடையில், அந்தக் காசு ஏஜென்சிக்காரன் பையில், சுற்றிவர இருட்டும் பற்றையும், இருமக்கூடாது என்று காதுக்குள் திட்டு. இப்போது எல்லை கடக்கக் கவுண்டரில் டிக்கெட் விற்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கழிவு வேறு! பனி உருகி, நீர் பிரிகிற மேடு நகர்ந்துவிட்டதால், அந்தப் பக்கத்து எல்லைக்கோட்டையே கொஞ்சம் தள்ளிப் போட 2023 இல் இரண்டு நாடும் ஒத்துக்கொண்டன. நான் வந்த வருடம் ஒரு பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருந்தால் அம்மாவின் காப்பு மிஞ்சியிருக்கும்.

மனைவியின் கட்சி கணக்குக் கட்சி. கிரிண்டல்வால்டுக்கு இங்கிருந்து ஒன்றரை மணித்தியாலம், இன்டர்லாக்கனில் ரெயில் மாறினால் போதும். அந்த இன்டர்லாக்கனில் யஷ் சோப்ராவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். இந்திப் படத்தில் பாட்டுக்குப் பாட்டு இந்த மலைகளைக் காட்டியதற்கு நன்றிக்கடன். கிரிண்டல்வால்ட் ஊர் 1,034 மீட்டர்தான், சில வருடம் பனி ஊர்வரை இறங்குவதில்லை. அப்போது பீரங்கி மாதிரி ஓர் இயந்திரத்தை வைத்துத் தண்ணீரைப் பனியாக ஊதுகிறார்கள், இரவிரவாக. பேலியகொடை மீன் மார்க்கெட்டில் விடியப்புறம் ஐஸ் உடைத்துப் பெட்டி நிரப்புகிற பெடியன்களை இங்கே இறக்கினால் அரைநாளில் ஒரு சரிவை மூடிவிட்டுத் தேத்தண்ணீருக்குப் போவார்கள்.

கிரிண்டல்வால்டில் என்னைப்போன்றவர்களுக்கென்றே ஒரு சாய்வு இருக்கிறது. பக்கத்தில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். முதலில் சப்பாத்து. வாடகைக் கடையில் தருவார்கள், கல்லு மாதிரி. காலை நுழைத்து, குதியைத் தரையில் ஓங்கி இடித்து, கொளுக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பி இறுக்கினால், கணுக்கால் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். அதோடு படி இறங்கவும் வேண்டும். வேகத்தைக் குறைக்க இரண்டு கட்டையின் முன்நுனியையும் ஒன்றுசேர்த்து ஆப்பு வடிவில் பிடிக்கவேண்டும். அதற்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெயர் “பீட்சா”. மாஸ்டர் தூரத்தில் நின்று “பீட்சா! பீட்சா!” என்று கத்துகிறார். குழந்தைகள் நிற்கின்றன. நான் வேலிக்குப் போகிறேன். மனைவி இந்தப் பாவத்துக்கே வரமாட்டா. அவவுக்குச் சறுக்கு வண்டில் போதும். ஃபவுல்ஹோர்னிலிருந்து ஊர்வரை பதினைந்து கிலோமீட்டர் வண்டிலில் வரலாம். வண்டிலை இழுத்துக்கொண்டு முதலில் இரண்டரை மணித்தியாலம் நடந்து ஏறவேண்டும் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை.

கடைசியில் தீர்ப்பைச் சொன்னது பெரியம்மாவின் மகன். அவன் செர்மாட்டில் ஒரு ஹோட்டல் குசினியில் நிற்கிறான், தெரியும்தானே. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் சறுக்கியதில்லை. சீசனில் லீவு இல்லை, லீவு கிடைத்தால் பருத்தித்துறைக்கு விமானம் ஏறிவிடுவான். கேட்டதற்கு, “அண்ணை, பின்கதவால வா, வயிறு நிறையச் சாப்பாடு தாறன். மாசியில அறை வாடகை மட்டும் என்னட்டக் கேளாத, எனக்கே தலை சுத்தும்” என்றான். மகன் அந்த வாடகையைத் தானே தேடிப் பார்த்தான். பிறகு சத்தமில்லை. செர்மாட் அவன் சம்பளம் எடுக்கிற காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. மகள் ஜாக்கெட்டோடு அம்மா பக்கம்.

கிரிண்டல்வால்டில் ஒரு சின்ன வீடு பிடித்தாயிற்று. அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஓர் ஆள் வருகிறாராம், அக்காவிடம் சொல்லிச் சீனிச் சம்பல் ஒரு போத்தல் கொடுத்துவிடுங்கள். கருவாடு வேண்டாம். “கடும் மணமுள்ள சமையல் கூடாது” என்று வீட்டு ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது. அதே வீட்டுக் குசினி அலுமாரியில், பாற்கட்டியை உருக்கிப் பாண் துண்டை முக்கித் தின்கிற ஃபோண்டுச் சட்டி இரண்டு வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்