பாலத்து மேல போறவனுக்குப் பாலம் தெரியுமா?

ஏலே, இங்கன வா. அந்தப் போனைக் கவுத்திப் போட்டுட்டு இந்தப் பால்கனியில செத்த உக்காரு. மூணு வாரமாப் பாத்துக்கிட்டிருக்கேன். ஆபீசு விட்டு வந்ததும் நீயும் உன் வீட்டுக்காரியும் எதிரும் புதிருமா உக்காந்து கம்ப்யூட்டரைத் தட்டுதீய. நெலம் கிலம் வாங்கப் போறீயளோன்னு நெனைச்சேன். கேட்டா, ரெண்டு நாளு செங்கோட்டைக்குப் போறதுக்குத் திட்டமாம்!

ரெண்டு நாளு. அதுக்கு வாட்ஸ்அப்புல தனியா ஒரு குரூப்பு. கட்டம் கட்டமா ஒரு அட்டவணை. ஆறரைக்கு எந்திரிக்கணும். ஆறே முக்காலுக்குக் காப்பி. ஏழு அஞ்சுக்கு 'இயற்கையை ரசித்தல்', இருபது நிமிசம். அது என்னலே இருபது நிமிசம்? இருபத்தோராவது நிமிசம் மலை எந்திரிச்சுப் போயிருமா? புள்ளைகளுக்கு எந்தப் பல்பொடி, யாருக்கு எந்தத் துண்டு, அது வரைக்கும் எழுதி வச்சிருக்க. தசரதன் புள்ளைய காட்டுக்கு அனுப்பும்போதுகூட இம்புட்டுச் சாமான் எழுதியிருக்க மாட்டான்.

நான் படிச்சது அஞ்சாங்கிளாசு. ஆனா பாவூர்சத்திரத்துல இருந்து கத்திரிக்கா, வெண்டைக்கா மூட்டையோட முப்பது வருசம் செங்கோட்டைத் தண்டவாளத்துல போய் வந்தவன். அதனால நாலு வார்த்தை சொல்லுதேன், கேளு. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன்.

மொதல்ல ஒண்ணு. மே மாசம் போறீய. அட்டவணையில பாதி குத்தாலத்து அருவியாக் கெடக்கு. மெயினருவி ரெண்டு மணி நேரம், ஐந்தருவி ஒன்றரை மணி நேரம், பொறவு பழைய அருவி, புலியருவி. எவம்லே சொன்னான்? எவனோ வீடியோ போட்டிருந்தானாம். அவன் அதை எந்த மாசம் எடுத்தான்னு கேட்டியா? குத்தாலத்துத் தண்ணி தென்மேக்குப் பருவக்காத்தை நம்பிப் பொழைக்கிற தண்ணி. ஜூன்ல காத்து திரும்பும். மலைக்கு அந்தப்பக்கம் கொட்டும், இந்தப்பக்கம் சாரலடிக்கும். ஆனியும் ஆடியுந்தான் சீசனு. பள்ளிக்கூடத்துக்கு எப்ப லீவுன்னு அருவிகிட்ட யாராவது போய்ச் சொன்னாங்களா? கத்திரி வெயில்ல போய் நின்னா வெறும் பாறை இருக்கும். பாறை மேல குரங்கு இருக்கும். சோப்பும் துண்டுமா நிக்கிற உங்களைப் பாத்து அது சிரிக்கும்.

கோடைமழை பெஞ்சா தண்ணி வரும், இல்லைங்கல. ஆனா அது நம்பிப் போற தண்ணி இல்ல. 2024 மே மாசம் பழைய அருவியில கண்மூடித் திறக்கிறதுக்குள்ள வெள்ளம் வந்து ஒரு பையனைக் கொண்டு போயிட்டு. போலீசுக்காரன் குளிக்கக் கூடாதுன்னா குளிக்கக் கூடாது. 'நான் மெட்ராஸ்ல இருந்து வாரேன், ரூமுக்குப் பணம் கட்டிருக்கேன்'னு அவன்கிட்ட ஞாயம் பேசாத. தண்ணிக்கு உன் ரூமு வாடகை தெரியாது.

அருவிதான் வேணும்னா ஜூன் கடைசியில ரெண்டு நாளு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வையி. ஒண்ணாங்கிளாசுல ரெண்டு நாள் போகலேன்னா உன் மவன் கலெக்டர் ஆகாமப் போயிருவானா? என்ன, முழிக்க? மனசு வரல, இல்ல? அப்ப மே மாசமே போ. ஆனா அருவியை அடிச்சுப் போட்டுட்டு ரயிலை எழுது. அந்த ஊருக்குப் பெருமையே ரயிலுதாம்லே.

திருநெவேலியில இருந்து மேக்க வந்த தண்டவாளம் செங்கோட்டையில மலையில முட்டி நின்னிருக்கணும். நிக்கல. ஆரியங்காவுக் கணவாய்க்குள்ள புகுந்து, குகை குடைஞ்சு, பாலம் கட்டி, புனலூர் வழியா கொல்லத்துக்கு எறங்கிட்டு. 1904 நவம்பர்ல மொத வண்டி மலையைத் தாண்டிச்சு. அப்ப செங்கோட்டையே திருவிதாங்கூர்ச் சீமை. மூலம் திருநாள் மகாராசா ஆண்டுக்கிட்டிருந்தாரு. 1956 நவம்பர் 1ந் தேதி கோடு கிழிச்சப்பதான் அந்த ஊரு நம்ம பக்கம் வந்துச்சு. இன்னைக்கும் அங்க டீக்கடையில பாதிப்பேரு பேச்சுல மலையாளம் மணக்கும்.

நான் போனதெல்லாம் மீட்டர்கேஜ் வண்டி. 2010 செப்டம்பர்ல அதை நிப்பாட்டி அகலப்பாதை போட ஆரம்பிச்சாங்க. மலைப்பாதை முழுசாத் திறக்க 2018 ஆயிட்டு. மலையைக் குடைஞ்சு, ஒரு மீட்டரை ஒண்ணே முக்கால் மீட்டருக்குக் கிட்ட ஆக்குததுக்கு எட்டு வருசம். அதுல ஒரு ஞாயம் இருக்கு. ரெண்டு நாளைக் கட்டத்துக்குள்ள அடைக்க மூணு வாரம், இதுல என்னலே ஞாயம்?

அட்டவணையில ஒரு இடத்துல எனக்குச் சிரிப்பு தாங்கல. 'பதிமூணு கண் பாலம், ரயில் ஜன்னலிலிருந்து வீடியோ.' எய்யா, பாலத்து மேல போறவனுக்குப் பாலம் தெரியுமா? உன் தோள் மேல உக்காந்திருக்கிற உன் மவனுக்கு உன் மூஞ்சி தெரியுதா? பாலம் பாக்கணும்னா கீழ ரோட்டுல நிக்கணும். கழுத்துருட்டிகிட்ட கொல்லம் ரோட்டை ஒட்டியே நிக்கி. கருங்கல் தூணு, பதிமூணு வளைவு. அகலப்பாதை போட்டப்பவும் அதை இடிக்கல, தட்டிக்கொட்டிப் பலப்படுத்தி அதே பாலத்து மேலதான் வண்டியை விட்டுருக்காங்க. அதனால நான் சொல்லுத மாதிரி செய்யி. போகும்போது ரயில்ல போ. திரும்பும்போது பஸ்ஸுல வா. பாலத்துகிட்ட எறங்கி, வண்டி வார நேரமாப் பாத்து நின்னு, புள்ளைகளைக் கையாட்டச் சொல்லு. வண்டிக்குள்ள இருக்கவனும் கையாட்டுவான். ரெண்டு பக்கமும் காசு செலவில்ல.

அதுக்காகப் பாலத்து மேல ஏறித் தண்டவாளத்துல நின்னு படம் புடிக்கப் போயிராத. ஆறு மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம், இல்லேன்னா ஆயிரம் ரூவா வரைக்கும் அபராதம். அதுகூடப் பரவால்ல. வளைவுல வார வண்டிக்கு நீ தெரிய மாட்ட. உன் காதுலயோ பஞ்சு மாதிரி என்னமோ மாட்டியிருக்கும்.

இன்னொண்ணு, பகல்ல மலையேறுத வண்டியாப் பாரு. பாலருவின்னு ஒரு எக்ஸ்பிரஸ் இருக்கு. பேரைப் பாத்து மயங்கி ஏறிராத. ஆரியங்காவுல இருக்கிற அருவி பேரை வச்சுக்கிட்டு, அந்த அருவி பக்கமே நடுச்சாமத்துல போற வண்டி அது. மலையும் இருட்டு, பாலமும் இருட்டு, குகையும் இருட்டு. குகைக்குள்ள போறமா வெளிய வந்துட்டமான்னு டி.டி.ஆரைத்தான் கேக்கணும்.

பகல்ல போனா பகவதிபுரம் தாண்டினதும் ஒரு நீளக் குகை வரும். வண்டியில உள்ள அத்தனை புள்ளைகளும் ஒரே குரல்ல ஊளையிடும். பெரியவங்களும் இடுவாங்க, இருட்டுல யாருன்னு தெரியாதுல்லா. உங்கப்பன் இப்ப மேனேஜருன்னு மொறைச்சுக்கிட்டுத் திரியுதான் பாரு, அவன் இட்ட ஊளை இன்னும் என் காதுல நிக்கி.

மலையேறும்போது வண்டிக்குப் பின்னால இன்னொரு இன்ஜின் மாட்டுவாங்க. முன்னால ஒண்ணு இழுக்கும், பின்னால ஒண்ணு முட்டுக் கொடுக்கும். எல்லாப் பயலும் முன்னால உள்ளதைத்தான் போட்டோ எடுப்பான். நம்ம வீட்டுல நீ திட்டம் போடுத, உங்கம்மா அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் புளிசாதம் கிண்டுதா. சும்மா சொன்னேன், வேற ஒண்ணுமில்ல.

வண்டி அங்க மெதுவாத்தான் போவும். அதைக் கொறை சொல்லாத, அந்த மெதுதான் ஒருநாள் என் மானத்தைக் காப்பாத்திச்சு. கல்யாணமான புதுசு. உங்க ஆச்சிக்கு மலை காட்டுதேன்னு கூட்டிட்டுப் போனேன். அன்னைக்கி நானும் உன்னை மாதிரித்தான், பெரிய திட்டக்காரன். ஆரியங்காவுல எறங்கி தூக்குச்சட்டியில டீ வாங்கி, ஏத்தங்கா அப்பமும் வாங்கி, மலையைக் காட்டிக்கிட்டே ஊட்டி விடணும்னு கணக்கு. டீக்காரன் சில்லறை தேடுததுக்குள்ள வண்டி கெளம்பிட்டு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினேன் பாரு! வண்டி மெதுவாத்தான் போச்சு, கடைசிப் பெட்டிக் கம்பியைப் புடிச்சிட்டேன். மூச்சு வாங்கிக்கிட்டு அவகிட்ட போய் நிக்கேன். 'பயந்துட்டியாளா?'ன்னு கேட்டேன். 'ஆமா, தூக்குச்சட்டி எங்கம்மை கொடுத்ததுல்லா'ங்கா. இன்னைக்கி வரைக்கும் அந்தச் சட்டியைக் கண்டா எனக்கு மரியாதை.

ரூமு பாத்திருக்கியே, அதைப் பேசாம இருக்க முடியல. கெணத்தடிக் குளியலு, கயித்துக்கட்டிலு, மண்சட்டியில பழைய சோறு. எல்லாம் சேத்து 'கிராமிய அனுபவம்', ஒரு ராத்திரிக்கு ஆறாயிரம். ஏலே, இதைத்தான நாங்க அறுவது வருசமா ஓசியில அனுபவிச்சோம்! வேண்டாம்டா சாமின்னு உங்கப்பன் படிச்சு மெட்ராசுக்கு ஓடியாந்தான். அவன் ஓடினதுக்கு அவன் மவன் பணம் கட்டித் திரும்பப் போறான். செங்கோட்டையிலயோ தென்காசியிலயோ சுத்தமா ஒரு லாட்ஜு போதும். கக்கூசுல தண்ணி வருதா, மின்விசிறி சுத்துதா, அதைப் பாரு.

தென்காசின்னதும் ஞாபகம் வருது. அங்க எறங்கிக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போ. கோபுர வாசல்ல நின்னாலே காத்து ஆளைத் தள்ளும். அந்தக் காத்துக்கு டிக்கெட்டு கெடையாது.

புள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லணும்னா வாஞ்சிநாதன் கதையைச் சொல்லு. செங்கோட்டைக்காரன். வேலை பாத்தது மலைக்கு அந்தாண்ட, புனலூர்க் காட்டிலாகாவுல. 1911 ஜூன் 17, கலெக்டர் ஆஷ் துரை பொண்டாட்டியோட கொடைக்கானலுக்குக் கெளம்பினாரு. கோடைக்கு மலைக்குப் போற சோலிதான், உன்னை மாதிரியே. மணியாச்சி ஜங்ஷன்ல பெட்டியில உக்காந்திருந்தவரைச் சுட்டுட்டு, வாஞ்சி தன்னையும் சுட்டுக்கிட்டான். இருபத்தஞ்சு வயசு. உன் வயசை விட ஏழு கொறைச்சல். செங்கோட்டையில மணிமண்டபம் இருக்கு. உன் அட்டவணையில அதைக் காணோம். 'ஐஸ்கிரீம்'னு ரெண்டு இடத்துல இருக்கு.

நேரா மெட்ராஸ்ல இருந்து போறதுன்னா பொதிகை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலையில செங்கோட்டை. அறுபது நாளைக்கு முன்னாலயே முன்பதிவு தொறக்கும். மூணு வாரமா அட்டவணைக்குக் கலர் அடிச்சியே, டிக்கெட்டு எடுத்தியா? எடுக்கல. தெரியும். இனி தட்கலுக்கு மொத நாளு காலையில பத்து மணிக்கோ பதினோரு மணிக்கோ விரலை மடக்கிக்கிட்டு உக்காந்திரு.

கெடைக்கலேன்னா கப்பல் கவுந்துறல. திருநெவேலிக்கு வந்து பாசஞ்சர்ல ஏறு. சேரன்மாதேவி, அப்பளத்துக்குப் பேர் போன கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாரதி பொண்டாட்டி செல்லம்மா பொறந்த கடையம், பொறவு நம்ம பாவூர்சத்திரம். வழிநெடுக மேக்க மலை கூடவே வரும். நொங்கு விக்கிறவன் ஏறுவான், மாம்பழக்காரி ஏறுவா. புள்ளைகளை ஜன்னல்ல உக்கார வச்சுட்டு நீ வாயை மூடிக்கிட்டு இரு. 'அங்க பாரு, இங்க பாரு'ன்னு நச்சரிக்காத. அதுக பாக்கும்.

சாயங்காலம் செங்கோட்டை பக்கத்துல பிரானூர் பார்டருக்குப் போயிரு. மரம் அறுக்கிற மில்லு வரிசையா இருக்கும், ஈரத்தூளு வாசம் அடிக்கும். அது முடியுத இடத்துல பரோட்டா வாசம் ஆரம்பிக்கும். கோழிச் சால்னாவைப் பரோட்டா மேல ஊத்தச் சொல்லு, தனிக் கிண்ணியில வாங்கித் தொட்டுத் தொட்டுத் திங்காத, பாக்கிறவன் சிரிப்பான். 'கலோரி எவ்வளவு'ன்னு உன் வீட்டுக்காரி கேட்டா, திருவிதாங்கூர்க் கணக்குன்னு சொல்லிரு.

அம்புட்டுதாம்லே. ஒரு ராத்திரி வண்டி, ஒரு பகல் மலை, ஒரு பாலம், ரெண்டு பரோட்டா. இதுக்கு அட்டவணை என்னத்துக்கு, உள்ளங்கையில எழுதிக்கிட்டுப் போயிரலாமே.

அட்டவணையைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. உன் மவன்கிட்ட கொடுத்து முழுசா வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ, உன் வீட்டுக்காரி, ரெண்டு புள்ளைக, உங்கப்பன், உங்கம்மா, ஆறு பேரு. காமிராவுக்கு மாத்து பேட்டரி இருக்கு. கொசுவத்தி இருக்கு. என் பேரையும் ஆச்சி பேரையும் காணோம். ஆறை எட்டாக்கு. எங்க ரெண்டு பேருக்கும் கீழ் பெர்த்து. ஆதார் கார்டு ஆச்சி பீரோவுல இருக்கு, அந்தத் தூக்குச்சட்டிக்குள்ள.