ஃபார்ட்டி தர்ட்டிசிக்ஸ்

வயர் முக்கியமாக இருந்த காலத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. கடையில் கிடைக்கிற எந்த நல்ல வயரைப் போட்டாலும் பாட்டு ஒழுங்காகக் கேட்கும் என்ற காலம் வந்தபிறகு, வயரைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஸ்பீக்கர் கேபிள் விஷயத்தில் நான் பார்த்த மாற்றம் இதுதான். பாட்டுக் கேட்பதில் உண்மையான ஆசை உள்ளவர்கள் இதனால் பணத்தை இழக்கிறார்கள் என்பதில் எனக்கு வருத்தமும் கோபமும் உண்டு.

எண்பதுகளில் மாயவரத்தில் ஸ்டீரியோ செட் இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆம்ப்ளிஃபயர் மெட்ராஸ் ரிச்சி தெருவிலிருந்து வரும். பின்பக்கத்து அலுமினியத் தகட்டில் 2என்3055 டிரான்சிஸ்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெட்டியை உள்ளூர் ஆசாரி செய்வார். கேசட்டை ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, எழுதிக் கொடுத்த பாட்டுகளைப் பதிந்து வாங்கக் காத்துக் கிடப்போம். இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், கடைசியில் எலெக்ட்ரிக் கடைக்குப் போய், "இருக்கறதுலயே சின்ன ஃப்ளெக்ஸ் வயர் பத்து மீட்டர் குடுங்க" என்பார்கள். கடைக்காரர் 14/36 வெட்டிக் கொடுப்பார். 36 கேஜ் கம்பி 14 இழை. மொத்தச் செம்பையும் சேர்த்தால் 0.4 சதுர மில்லிமீட்டர்தான் வரும்.

கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 5 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமே, ஆகவே 10 மீட்டர் செம்பு. அதன் தடை 0.4 ஓமுக்குச் சற்று அதிகம். 8 ஓம் ஸ்பீக்கரில் இது இருபதில் ஒரு பங்கு. 4 ஓம் ஸ்பீக்கரில் பத்தில் ஒரு பங்கு. ஒலி கொஞ்சம் குறைந்தால் வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம், அதில் ஒன்றுமில்லை. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. 8 ஓம் என்று பின்னால் எழுதியிருக்கும் ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 5, 6 வரை இறங்கும். பேஸ் பகுதியில் ஓரிடத்தில் 20, 30 வரை ஏறும். மெல்லிய வயர், ஓம் இறங்கிய இடத்தில் அதிகமாகவும் ஏறிய இடத்தில் குறைவாகவும் பிடுங்கும். பாட்டின் நிறமே லேசாக மாறிவிடும். கேபிளால் காதில் விழக்கூடிய மாற்றம் என்று ஒன்று உண்டென்றால், பெரும்பாலும் அது இதுதான். அன்றைக்கு அது எங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தது. பல்லால் உரித்த முனை, பச்சை பூத்த செம்பு, நிலைப்படிக்குக் கீழே இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு என்று மற்றவையும் கூடவே இருந்தன.

எங்கள் தெருவில் வயரை முழுசாகப் புரிந்துவைத்திருந்த ஒரே ஆள் மைக் செட் அண்ணன். ஐப்பசி கடைமுழுக்குக்குத் துலாக் கட்டம் வரை தெருத்தெருவாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அத்தனை தூரத்துக்கும் அவர் இழுத்தது சாதாரண மெல்லிய வயர். கடைசிக் குழாயிலும் பாட்டு கணீரென்று கேட்கும். "எப்படிண்ணே?" என்று கேட்டதற்கு, ஒரு குழாயின் பின்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த சின்ன டிரான்ஸ்ஃபார்மரைக் காட்டினார்.

"தம்பி, லைன்ல நூறு வோல்ட் போவுது. வோல்ட் ஏறினா ஆம்ப் குறையும். ஆம்ப் குறைஞ்சா வயர் ஒண்ணும் தின்னாது. கரண்டு ஆபீஸ்ல டவர் லைன் இழுக்கிறாங்களே, அதே கணக்குதான்."

கணக்கு சரியாகவே இருக்கிறது. 100 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு நேராகக் கொடுத்தால் 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். அதையே 100 வோல்ட் லைனில் கொடுத்தால் ஒரே ஆம்பியர். வயரில் வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடுகிறது. இதை அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

எங்கள் வீட்டு செட்டைப் பார்த்துவிட்டு அவர்தான், "இதுல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, அதனால வயர் தடிமனா இருக்கணும். ஃபார்ட்டி தர்ட்டிசிக்ஸ் போடுங்க" என்றார். 40/36 என்பது சுமார் 1.2 சதுர மில்லிமீட்டர் செம்பு. தடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறகு ஒரு டார்ச் பேட்டரியை எடுத்து, அதன் இரு முனையையும் ஸ்பீக்கர் வயரின் முனைகளில் ஒரு நொடி தொட்டார். டப் என்று ஒரு சத்தம். கூம்பு முன்னால் துள்ளியது. அடுத்த பெட்டியில் அதே மாதிரி தொட்டபோது கூம்பு உள்ளே போனது. அதன் வயரை மாற்றிப் போட்டு, இரண்டு வயருமே ஒரே நிறம் என்பதால், பிளஸ் வயரின் நுனிக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அன்று சாயந்திரம் தவிலின் தொப்பி எங்கள் கூடத்தில் முதல்முறையாக முழுசாகக் கேட்டது.

மாயவரத்தில் நாங்கள் 14/36 வாங்கிக்கொண்டிருந்தபோதே அமெரிக்காவில் கேபிள் தனிச் சரக்காகிவிட்டிருந்தது. அங்கும் அதுவரை மேஜை விளக்குக்குப் போடும் வயரைத்தான் ஸ்பீக்கருக்கும் போட்டார்கள். 1979-இல் நோயல் லீ என்ற பொறியாளர் மான்ஸ்டர் கேபிள் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். தடித்த செம்பு, நல்ல உறை, நல்ல முனை. விளக்கு வயரைவிட அது மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தடிமன் என்ற ஒரே நியாயம் தீர்ந்த இடத்திலும் வியாபாரம் நிற்கவில்லை. ஆக்ஸிஜன் நீக்கிய செம்பு, வெள்ளிப் பூச்சு, 'இந்தத் திசையில் இணைக்கவும்' என்ற அம்புக்குறி என்று வளர்ந்தது. ஸ்பீக்கர் வயரில் ஓடுவது நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திசை மாறும் மின்சாரம். அதற்கு அம்புக்குறி எதற்கு?

திருவான்மியூரில் இருக்கும் என் அக்கா மகன் சென்ற வருடம் வார்ஃப்டேல் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கினான். பின்பக்கம் ஒவ்வொன்றிலும் நான்கு டெர்மினல். மேல் ஜோடியையும் கீழ் ஜோடியையும் இணைத்து இரண்டு பித்தளைத் தகடுகள். கடையில் அவனிடம் தகடுகளைக் கழற்றிவிட்டு, பெட்டிக்கு இரண்டிரண்டு கேபிளாக 'பை-வயரிங்' செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்ன கேபிளின் விலை ஸ்பீக்கரின் விலையில் பாதி.

"மாமா, நாலு டெர்மினல் சும்மாவா குடுத்திருப்பான்?" என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். பெட்டிக்குள் கிராஸ்ஓவர் இரண்டு பாதியாக இருக்கிறது. ஒன்று பேஸை மட்டும் ஊஃபருக்கு விடும். மற்றது மேல் ஸ்வரங்களை மட்டும் ட்வீட்டருக்கு விடும். தகட்டைக் கழற்றினால் இரண்டும் தனித்தனி. ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபயர் வைத்து, கிராஸ்ஓவரையும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னாலேயே கொண்டுபோய்விட்டால், அது உண்மையிலேயே வேறு தரத்து ஏற்பாடு. பை-வயரிங்கில் அப்படி எதுவும் நடப்பதில்லை. இரண்டு கேபிளும் ஆம்ப்ளிஃபயரின் அதே இரண்டு திருகில்தான் போய்ச் சேர்கின்றன. அங்கே அவை ஒரே வயர்தான்.

பேஸின் பெரிய மின்னோட்டம் ட்ரெபிளின் சிறிய மின்னோட்டத்தைக் கெடுக்கிறது, பிரித்துவிட்டால் தெளிவு வரும் என்பது விற்பவர்களின் வாதம். செம்பில் அப்படி ஒன்று நடப்பதில்லை. ஒரே கம்பியில் பல மின்னோட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் போகும். பேஸால் வயரில் ஏற்படும் சிறு வோல்டேஜ் சரிவு ட்வீட்டர் வரை போனாலும், அங்கே இருக்கும் கெப்பாசிட்டர் அதைத் தடுத்துவிடும். அதன் வேலையே பேஸை வெளியே நிறுத்துவதுதான். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 4 மீட்டர் போட்டால், போக வர 0.06 ஓம்கூட வராது. இதைப் பிரித்து என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. இங்கிலாந்தின் நெய்ம் நிறுவனம் தன் பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்குக் குறிப்பிட்ட வகைக் கேபிளை, குறைந்தது 3.5 மீட்டராவது போடச் சொன்னது. அந்த வயரின் இண்டக்டன்ஸை நம்பியே ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்திருந்தார்கள். கெப்பாசிட்டன்ஸ் அதிகமுள்ள சில பின்னல் கேபிள்கள் ஆம்ப்ளிஃபயரையே நிலைகுலைய வைத்ததும் உண்டு. இவை பொறியியல் காரணங்கள். அளந்து பார்க்க முடிகிறவை.

அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. நண்பரிடமிருந்து விலையுயர்ந்த கேபிளை இரவல் வாங்கிவந்து பை-வயரிங் செய்து கேட்டான். "மாமா, வீணை பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்கு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. எது ஓடுகிறது என்று தெரிந்து கேட்கும்போது எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும், எனக்கும்தான். ஆகவே அவன் மனைவியை மாற்றிவிடச் சொன்னோம். ஸ்பீக்கரின் பின்பக்கம் தெரியாதபடி ஒரு புடவையை மறைப்பாகக் கட்டி, அவன் வெளியே போனபிறகு அவள் கேபிளை மாற்றுவாள், அல்லது மாற்றாமல் விடுவாள். அதே பாட்டு, அதே வால்யூம். அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நடுவில் ஒருமுறை அவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் போட்டிருந்தாள். பல்லவி முடிவதற்குள் அவன் எழுந்துவிட்டான்: "என்னமோ தப்பு. மிருதங்கம் எங்க போச்சு?" அவன் காதில் குறையில்லை.

திருவான்மியூர் மாதிரி கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தால், கேபிளில் கவனிக்கவேண்டியது ஒன்று இருக்கிறது. உப்புக் காற்றில் திறந்த செம்பு பச்சை பூத்துவிடும். நல்ல பனானா பிளக்கை இறுக்கமாக மாட்ட வேண்டும்; அவ்வப்போது முனையை வெட்டிப் புதிதாக உரிக்க வேண்டும். மற்றதெல்லாம் அறையைப் பொறுத்தது. மாயவரத்துக் கூடத்தில் மரக்கட்டில், பத்தாயம், கொடியில் துணி, கோரைப்பாய் என்று எதிரொலியை உடைக்கவும் விழுங்கவும் எத்தனையோ இருந்தன. அவன் ஹாலில் டைல்ஸ் தரையும் கண்ணாடிக் கதவும் வெறும் சுவரும்தான். கை தட்டினால் திருப்பித் தட்டுகிறது. எந்த விலைக் கேபிளாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

எலெக்ட்ரிக் கடையில் 2.5 வயர் வாங்கிப் போட்டோம். தகடுகளைக் கழற்றவில்லை. மீந்த பணத்தில் கனமான திரைச்சீலையும், பவானி ஜமக்காளமும், ஒரு சுவர் முழுக்கப் புத்தக அலமாரியும் வந்தன. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தோம். மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் இப்போது தனித்தனியாகக் கேட்கின்றன. கீழ் பேஸ் மட்டும் இன்னும் கொஞ்சம் தேங்குகிறது. சோஃபாவைச் சுவரை ஒட்டிப் போட்டிருப்பதுதான் காரணம் என்பது என் கருத்து. அதை நகர்த்த அவன் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.