ஏரிக்குப் பட்டா போட்ட கதை

1639-இல் ஃபிரான்சிஸ் டே என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ஆசாமி, அந்தப் பகுதியை ஆண்ட நாயக்கரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மணல் திட்டை வாங்கினார். கப்பல் வியாபாரி தேர்ந்தெடுத்த இடத்தில் துறைமுகம் கிடையாது. முன்னால் அலை, பின்னால் கூவம். சாந்தோமில் இருந்த காதலிக்குப் பக்கத்தில் இருக்கத்தான் அந்த இடம் என்று ஒரு வதந்தி உண்டு. நிஜமோ பொய்யோ, "ஐயா, மழை பெய்தால் தண்ணி எங்கே போகும்?" என்று யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை. சென்னையின் நகரமைப்புக் கொள்கை அன்றே உருவாகிவிட்டது.

சுற்றுப்பட்டு கிராமத்தார் ஏற்கெனவே சங்கிலித் தொடராக ஏரிகள் வெட்டி வைத்திருந்தார்கள். ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குத் தண்ணீர் போகும். டெண்டர் இல்லை, திறப்பு விழா இல்லை, கல்வெட்டில் மந்திரி பெயர் இல்லை. ஆகவே பின்னால் வந்த எந்த அரசாங்கமும் இதை ஒரு திட்டமாகவே மதிக்கவில்லை.

மயிலாப்பூரிலிருந்து நுங்கம்பாக்கம் பக்கம்வரை நீண்டு கிடந்த ஏரிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் லாங் டேங்க். துரைமார்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததும் முதல் வேலையாக ஏரியை மூடி மனை போட்டார்கள். பிறந்தது தியாகராய நகர். படகு விட்ட இடத்தில் இன்று பட்டுப்புடவை விற்கிறார்கள். ஐப்பசியில் மறுபடி படகும் விடலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. வியூவுக்கு நவம்பர் வரை பொறுக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் போனபின் நாம் சும்மா இருப்போமா? 1976-இல் நுங்கம்பாக்கம் ஏரியைத் தூர்த்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மழைக்கென்று தனி அதிகாரமே எழுதிய மனிதருக்கு, ஏரியின் தலையில் மண்ணைப் போட்டு மரியாதை.

கால்வாய்க்கும் இதே கதிதான். 1877-78 பஞ்சத்தில், பசியால் வாடியவர்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து ஒரு கால்வாய் வெட்டினார்கள். வெட்டியவர்கள் கூலிக்காரர்கள், பெயர் கவர்னர் பக்கிங்ஹாமுக்கு. நூறு வருஷம் கழித்து அதே கால்வாய்க்குள் தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டோம். நிலம் கையகப்படுத்தும் தொல்லை இல்லை பாருங்கள், தண்ணீர் கோர்ட்டுக்குப் போகாது.

விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டினோம். பள்ளிக்கரணை சதுப்பில் ஒரு பக்கம் குப்பை மலை, இன்னொரு பக்கம் ஐ.டி. கம்பெனிகள். தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகமும் அங்கேதான். கடல் தேடி வரட்டும் என்று விட்டார்களோ என்னவோ.

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அடையாறு தன் பழைய இடத்தையெல்லாம் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. மனிதனால் வந்த பேரிடர் என்று பிற்பாடு மத்திய தணிக்கைத் துறையே எழுதி வைத்தது. நான்காவது வருஷம், 2019-இல், குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டுவந்தோம். வந்த தண்ணீரைக் கடலுக்கு அனுப்புவதும், வராத தண்ணீருக்கு வேகன் அனுப்புவதும் ஒரே ஊர்தான்.

இப்போது தெருத்தெருவாக மழைநீர் வடிகால். நல்ல காரியம். ஆனால் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டதில், மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்க வேண்டியிருக்கிறது. வடிகாலில் ஓட வேண்டிய தண்ணீர் வாசலைப் பார்த்ததும் குஷியாக உள்ளே வருகிறது. வேளச்சேரிக்காரர்கள் விவரமானவர்கள். ரெட் அலர்ட் என்றதும் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். நானூறு வருஷ வரலாற்றில் சொன்னபடி வேலை செய்த ஒரே வெள்ளத் தடுப்புத் திட்டம் அது. அதற்கும் அரசாங்கம் பொறுப்பல்ல.

மனை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வில்லங்கச் சான்று மட்டும் பார்க்காதீர்கள். பழைய கிராம வரைபடத்தை எடுத்து, உங்கள் சர்வே எண் ஏரியா, வாய்க்காலா என்று பாருங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.