தூளிப் பரம்பரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டங்களில் அன்று விடியுமுன்னே பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு. அதற்குள் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் இறக்கிவிட்டு, வாளியோடு அம்மா பால்வெட்டுக்குக் கிளம்பிவிடுவாள். ஓர் ஆயா, வரிசையாகத் தூளிகள். எதை முதலில் ஆட்டுவது என்பதை அழுகையின் சுருதிதான் தீர்மானிக்கும். கொஞ்சம் வளர்ந்ததுகள் ஆற்றங்கரையில், யார் பார்வையும் இல்லாமல்.

அப்படி வளர்ந்தவர் இன்று ஈப்போவில் பாட்டி. பிள்ளையைத் தகுந்த கவனிப்பின்றி விட்டுப்போவது 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி குற்றம் என்று மருமகள் சொன்னதும் சிரித்தார்: “அப்படின்னா எங்க லயத்தையே உள்ள தள்ளணும்லா!”

பேரனுக்கோ ஒரு வாய் இட்லி இறங்க ஐபேட் வேண்டும். மகன் பொறுமையிழந்து குரலை உயர்த்தினான். அவனை ரோத்தான் பிரம்பால் வெளுத்தே வளர்த்த அதே பாட்டி பாய்ந்து வந்தார்: “சின்னப்புள்ளடா! மனசு ஒடஞ்சிடாதா?”