அண்ணாச்சியும் அளவைப் பொறுத்த மீனும்

கோயம்புத்தூர் ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். 400க்கு மேல். கடலோடு இந்த ஊருக்கு எழுத்துப்பூர்வமாக உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். ஆனாலும் கடல் உணவகங்களுக்குக் குறைச்சல் இல்லை. உள்ளே போனால் சுவரில் கப்பல் சக்கரம், கூரையில் வலை, தூணில் ஆரஞ்சு நிற மிதவை வளையம். நொய்யலில் வெள்ளம் வந்தால் உதவும். மாலுமித் தொப்பி போட்ட ஒருவர் கதவைத் திறந்துவிடுகிறார். கொங்கு மேட்டு நிலத்தில் ஏசி போட்ட நெய்தல். இலக்கணக்காரர்கள் இதைத் திணைமயக்கம் என்பார்கள். பில்லில் அதற்கென்று தனி வரி போடுவதில்லை. மீன் விலையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

இந்த இடங்களுக்கென்றே ஒரு மனிதர் உண்டு. பிறந்தது தூத்துக்குடி. பஞ்சாலையிலோ பம்ப்செட் கம்பெனியிலோ வேலை கிடைத்துக் கோவைக்கு வந்து, வீடு கட்டி, சிறுவாணித் தண்ணீரைப் புகழக் கற்று, பேச்சில் ‘ங்க’ சேர்த்து, கோயம்புத்தூர்க்காரராகவே ஆகிவிட்டவர். மீன் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் ‘ங்க’ உதிர்ந்து ‘வே’ முளைத்துவிடும். அவரை அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். இதே ஆள் பெங்களூரில் மங்களூர்க்காரராகவும் ஹைதராபாத்தில் விசாகப்பட்டினத்துக்காரராகவும் இருக்கிறார். மொழி மாறும், வசனம் மாறாது: “இதெல்லாம் ஒரு மீனா?”

அண்ணாச்சி தானாக இப்படிப்பட்ட இடங்களுக்குப் போவதில்லை. யாராவது அழைக்க வேண்டும். அழைப்பவர் பெரும்பாலும் கொங்குக்காரர். நாட்டுக்கோழியும் வெள்ளாடும் நுணுக்கமாகத் தெரிந்தவர். மீனில் அவருக்கு இரண்டே வகை: வறுத்தது, குழம்பில் போட்டது. “நீங்க கூட இருந்தா நல்ல மீனாப் பார்த்துச் சொல்லுவீங்க பாருங்க” என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை விட்டுவிடுவார். அந்த வார்த்தையின் விலை அன்றைக்கு ராத்திரி தெரியும்.

முதலில் வாசல். அண்ணாச்சி நின்று மூக்கை உறிஞ்சுவார். கவிச்சி அடித்தால், “கெட்டுப்போன சரக்கு.” அடிக்காவிட்டால், “என்னத்தையோ போட்டுக் கழுவிருக்கான்.” இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை மீனுக்குக் கிடையாது.

அடுத்தது படகு மாதிரி செய்த மேஜை. ஐஸ் துருவலின் மேல் சீலா, வாவல், சங்கரா, கொடுவா என்று படுத்திருக்கும். சென்னைக்காரர் வஞ்சிரம் என்பதைத்தான் தூத்துக்குடியில் சீலா என்கிறார்கள். அண்ணாச்சி முன்னால் வஞ்சிரம் என்று சொன்னால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். ஆள்காட்டி விரலால் செவுள் மூடியைத் தூக்குவார். உள்ளே சிவப்பா, பழுப்பா? கண் துருத்திப் பளபளவென்று இருக்கிறதா, குழிந்து பால் படர்ந்திருக்கிறதா? கட்டை விரலால் முதுகை அழுத்தினால் குழி மேலெழும்புகிறதா? முறையில் குற்றம் சொல்ல முடியாது. மீன் வாங்கத் தெரிந்த எல்லாரும் பார்ப்பது இவற்றைத்தான். அண்ணாச்சியின் தனிச்சிறப்பு, மதிப்பெண்ணை முதலில் போட்டுவிட்டு அப்புறம் பரீட்சை வைப்பது. நானும் கூடப் போயிருந்த ஒரு ராத்திரி, செவுள் செக்கச்செவேல் என்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “சாயம்” என்றார்.

“எப்ப வந்தது தம்பி?”

“இன்னைக்குக் காலைல சார்.”

“எங்கேருந்து?”

“உக்கடம் சார்.”

உக்கடத்தில் பெரியகுளம் இருக்கிறது, கடல் இல்லை. ஆனால் மொத்த மீன் மார்க்கெட் அங்கேதான். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம், பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளம் என்று பல கரைகளின் சரக்கும் லாரியில் அங்கேதான் வந்து இறங்குகிறது. ஆகவே தம்பி சொன்னது சத்தியம். காலையில் வந்தது. என்றைக்குக் கிளம்பியது என்று அவனை யாரும் கேட்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து கோவை சுமார் 350 கிலோமீட்டர். அந்த தூரத்தை மீன் ஐஸ் பெட்டியில் கால் நீட்டிப் படுத்தபடி கடக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் அண்ணாச்சி, பஸ் சீட்டில் முழங்காலை மடக்கியபடி கடக்கிறார். காந்திபுரத்தில் இறங்கும்போது அவருடைய கண்ணைப் பார்த்தால் குழிந்து பால் படர்ந்துதான் இருக்கும்.

ஐஸில் ஒழுங்காக அடுக்கிய மீன் மூன்று நான்கு நாளானாலும் நன்றாகவே இருக்கும், கரையிலேயே மதியம் வரை வெயிலில் கிடந்த மீன்தான் மோசம் என்று நான் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். “நீங்க சைவமா?” என்று கேட்டார்.

அன்றைக்கு மே மாதமாக வேறு போய்விட்டது. மே மாதம் அண்ணாச்சிக்கு விசேஷமானது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு விட்டிருக்கும் அந்த இடைவெளியை அண்ணாச்சி ஹோட்டல்காரர்களைக் குறுக்கு விசாரணை செய்யப் பயன்படுத்துகிறார். “தடைக்காலத்துல சீலா எந்த போட்டுல வந்துச்சு? நம்பர் சொல்லு, பாப்போம்.” நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் ஆரம்பிக்கிறது. குளிர்பதனக் கிடங்கு என்றும் ஒன்று இருக்கிறது. தம்பி இதில் எதையும் சொல்லாமல், “சூப் கொண்டுவரவா சார்?” என்றான். இந்தத் தொழிலில் அவன் முன்னுக்கு வருவான்.

2018 ஆம் ஆண்டை அண்ணாச்சி இன்னும் ஆசையோடு நினைவுகூர்வார். மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று தமிழ்நாடும் கேரளமும் அலறிய வருஷம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வாளையார் சோதனைச் சாவடியில் டன் கணக்கில் பிடித்தார்கள். ஜனங்கள் மீனையே விட்டுவிட்டுக் கோழிக்குப் போனார்கள். தான் வருஷக்கணக்காகச் சொல்லிவந்ததை அரசாங்கமே வந்து ஊர்ஜிதம் செய்ததைப் போல அண்ணாச்சி நிமிர்ந்து நடந்தார்.

அந்தத் தம்பி மேற்கு வங்காளத்துப் பையன். கோவை ஹோட்டல்களில் இப்போது வடக்கேயிருந்தும் கிழக்கேயிருந்தும் வந்த பிள்ளைகள்தான் அதிகம். தமிழும் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. வங்காளத்தில் மீன் என்றால் முதலில் ஆற்று மீன், குளத்து மீன். கடல் மீனை ஒரு படி கீழேதான் வைப்பார்கள். ஹில்சாகூடக் கடலைவிட்டு ஆறு ஏறி வந்த பிறகுதான் அவர்களுக்கு ருசி. ஆக, அண்ணாச்சி மீன் சாஸ்திரம் நடத்துவது, கடலில் பிடித்ததைப் பெரிய மீனாகவே மதிக்காத ஊர்க்காரனிடம். ஒருவரையொருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

விலை அட்டை வந்தது. தோல் உறை போட்டு, ஒரு நிலப் பத்திரத்தின் கனம் இருந்தது. கோழிக்கும் ஆட்டுக்கும் விலை போட்டிருந்தார்கள். முழு மீனுக்கும் நண்டுக்கும் நேரே, விலை இருக்க வேண்டிய இடத்தில், ‘அளவைப் பொறுத்து’ என்று இருந்தது. மாப்பிள்ளை வீட்டார், “உங்க பொண்ணுக்கு உங்க இஷ்டப்படி செய்யுங்க” என்று சொல்வதைப் போன்ற வாசகம் அது. தொகை பிற்பாடுதான் தெரியும். அழைத்துவந்தவர் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அண்ணாச்சி படிக்கவே இல்லை. விருந்தாளிக்கு அது சம்பந்தமில்லாத பக்கம்.

நண்டைத் தொட்டியிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னார். கொடுக்கைக் கட்டிய கல் நண்டு. அதைக் குப்புறப் புரட்டி வயிற்று மடிப்பைப் பார்த்தார். மடிப்பு ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று அரைவட்டமாக இருந்தால் பெண். இது சரியான அடையாளம். அதற்குப் பிறகு போனை எடுத்துக் காலண்டரில் திதி பார்த்தார். பௌர்ணமியை ஒட்டி நண்டில் சதை இருக்காது என்பது அவர் கட்சி. முகூர்த்தம் பார்த்து நண்டு தின்கிறவரை அழைத்தவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். அன்று வளர்பிறை பன்னிரண்டாம் நாள். நண்டு தப்பித்தது. அழைத்தவரும் ஒரு தொகையில் தப்பித்தார்.

பிறகு அவரவர் இஷ்டப்படி சொன்னார்கள். பள்ளிப்பாளையம் இறால் வந்தது. காவிரிக்கரை ஊரின் பெயரில், காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டு வறுத்த இறால். ஒன்றைக் கடித்ததும் அண்ணாச்சி, “பண்ணை இறால்” என்றார். இங்கே அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பண்ணைகளில் வளர்க்கும் வனாமி அமெரிக்கக் கண்டத்துப் பசிபிக் கரையைச் சேர்ந்த இனம். 2009இல் இந்தியாவில் வளர்க்க அனுமதி கிடைத்து, ஆந்திரக் குளங்களில் பெருகி, இப்போது நம் தட்டில் விழும் இறாலில் பெரும்பங்கு அதுதான். பட்டர் கார்லிக்கில் முள்ளே இல்லாத வெள்ளைத் துண்டுகள் வந்தன. அது அநேகமாகப் பாசா. வியட்நாமின் மீகாங் ஆற்றுக் கெளுத்தி வகை. கப்பலில் பெட்டிக்குள் உறைந்து வந்ததைத் தவிர அதற்கும் கடலுக்கும் அறிமுகம் கிடையாது. கடல் உணவகத்தில் குளத்து இறாலையும் ஆற்றுக் கெளுத்தியையும் நாங்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டோம். அண்ணாச்சி இரண்டையும் கண்டித்தபடியே தமக்குரிய பங்கை மீதி வைக்காமல் முடித்தார்.

மீன் குழம்பு வந்தபோதுதான் மனிதர் உண்மையிலேயே நொந்துபோனார். “தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் சேத்து அரைச்சு, மாங்கா போட்டு வைக்கணும் சார். அதையும் வச்ச அன்னைக்குத் தொடப்படாது. மறுநாள் காலைல பழைய சோத்துல ஊத்திப் பாருங்க.” அவர் கோரிக்கையைத் தொகுத்தால் இவ்வளவுதான்: மீன் இன்றையதாக இருக்க வேண்டும், குழம்பு நேற்றையதாக இருக்க வேண்டும். எந்தச் சமையல்காரராலும் இதை நிறைவேற்ற முடியாது. அண்ணாச்சிகளின் மனைவிமார்கள் எப்படிச் சமாளிக்கிறார்களோ!

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குழம்பில் கிடந்த சங்கராவின் தலையை யாரும் சீண்டவில்லை. அண்ணாச்சி அதைத் தம் தட்டுக்கு மாற்றினார். அதுவரை ஓயாத வாய் நின்றது. செவுள் மூடியைப் பிரித்து ஓரமாக வைத்தார். கன்னத்துக் குழிக்குள் சுண்டுவிரல் நகத்தை விட்டு, ஒரு கடலைப் பருப்பு அளவு வெள்ளைச் சதையை உடையாமல் எடுத்து வாயில் போட்டார். நெற்றி எலும்பை நெரித்து உறிஞ்சினார். கண்ணைச் சாப்பிட்டு, அதற்குள் இருந்த வெள்ளை முத்தை மட்டும் நாக்கு நுனியில் தள்ளி எடுத்தார். எங்கள் தட்டுகளில் முள்ளும் சதையும் கலந்து கிடந்தன. அவர் தட்டில் எலும்புகள் சுத்தமாக, பெரிதும் சிறிதும் தனித்தனியாக இருந்தன; வேண்டுமானால் மீனைத் திரும்பக் கட்டிவிடலாம். தம்பி தட்டெடுக்க வந்தவன் அதைப் பார்த்து நின்றான். முதல்தடவையாக அவன் கண்ணில் மரியாதை தெரிந்தது. “சார், உங்க ஊர்ல ஆறு இருக்கா?” என்றான்.

அழைத்தவர் மறைத்து வாங்கியும் பில்லை அண்ணாச்சி பார்த்துவிட்டார். “இந்தக் காசுக்குத் திரேஸ்புரத்துல...” என்று தொடங்கினார். திரேஸ்புரம் தூத்துக்குடியில் நாட்டுப்படகு கரை சேருகிற இடம். சனிக்கிழமை ஏலத்தில் கூட்டம் நெரியும். அங்கே இந்தப் பணத்துக்கு என்னென்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியல் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கல்யாணத்துக்குப் போதும்போல இருந்தது. சாட்சிக்கு, சாப்பிடும் முன் எடுத்திருந்த சீலாவின் படத்தை ஊரில் உள்ள தங்கைக்கு அனுப்பி, இதற்கு அங்கே என்ன விலை என்று கேட்டார். பதில் குரல்பதிவாக வந்தது. அவசரத்தில் சத்தமாக ஓடவிட்டுவிட்டார்.

“அண்ணே, இந்த சைசு சீலாவ இங்க எவன் கண்ணுல காட்டுதான்? ஏலம் விட்ட கையோட கேரளாவுக்கும் உங்க ஊருக்கும்லா ஏத்திருதானுவ. நாங்க சாளதான். நல்ல மீனு திங்கணும்னா அங்கதான் வரணும். மதினிய கேட்டதா சொல்லு.”

மேஜையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் சோம்பு மென்றார். பிறகு, “சாளதான்வே மீனு. சீலா என்ன சீலா, சும்மா சதை” என்று தீர்ப்பைத் திருத்தி எழுதினார்.

விஷயம் இதுதான். பெரிய மீன் கடலோரத்தில் நிற்பதில்லை. காசு இருக்கிற ஊருக்குப் போகிறது. அண்ணாச்சி சின்ன வயசில் ஊரில் தின்றது பெரும்பாலும் சாளையும் நெத்திலியும்தான். சீலாவை வாரத்துக்கொரு முறை பார்க்க ஆரம்பித்ததே கோவைக்கு வந்து சம்பளம் வாங்கிய பிறகு. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை, சைவமா என்று கேட்பார்.

இப்படி ஒரு அண்ணாச்சியோடு கடல் உணவகத்துக்குப் போகிறவர்கள் சில காரியங்களைக் கவனிக்க வேண்டும். மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். விலை அச்சிட்டிருக்கும் மீனாகவே பார்த்துச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு மீன் தலையைச் சீக்கிரம் வரவழைத்து அவர் முன்னால் வைத்துவிடுங்கள். அது முடிகிறவரை நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். பில்லைக் கல்லாவுக்கே போய்க் கட்டிவிடுங்கள்.