பழம் தின்று கொட்டை போட்டவர்

வால்பராய்சோவில் நான் தங்கியிருந்த விடுதியின் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. அதில் முக்கால்வாசித் தண்ணீர். அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் நனைகிற மாதிரி ஒரு வெண்ணெய்ப்பழக் கொட்டை. உள்ளே விழுந்துவிடாமலிருக்க அதன் இடுப்பில் மூன்று பல்குச்சிகளைக் குத்தித் தம்ளர் விளிம்பில் நிறுத்தியிருந்தது. கொட்டை வெடித்து, கீழே வேர்விட்டு, மேலே ஒரு சாண் தண்டும் நாலு இலையும் வந்திருந்தன. புதிதாக வருகிறவர்கள் சும்மா இருக்காமல் இலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். உடனே எங்கிருந்தோ குரல் வரும்: "தொடாதீங்க, அது என்னோடது."

வெண்ணெய்ப்பழக் கொட்டை இப்படித் தண்ணீரில் முளைத்து இலைவிட இரண்டு மாதமாவது பிடிக்கும். மலிவு விடுதியிலோ மூன்று இரவு தங்கினாலே பழைய ஆள். பழம் தின்று கொட்டை போட்டவர் என்று ஊரில் எத்தனையோ பேரைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். போட்ட கொட்டை முளைத்து இலைவிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரைச் சிலி நாட்டில்தான் பார்த்தேன்.

ஐம்பது வயதிருக்கலாம். பெயர் உண்டு, யாரும் சொல்வதில்லை. விடுதிப் பிள்ளைகள் 'அபுவேலோ' என்பார்கள், ஸ்பானியத்தில் தாத்தா. எனக்கென்னவோ பெரியப்பா என்றுதான் தோன்றியது. எந்த நாட்டுக்காரர் என்று கேட்டால், "இப்போதைக்கு இங்கேதான்" என்பார். மூன்று நாள் இருந்து ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தாராம். அது எட்டு மாதத்துக்கு முன்பு.

இந்த ரகம் வால்பராய்சோவுக்கு மட்டும் சொந்தமில்லை. லிமாவின் மிராஃப்ளோரஸ், கார்த்தஹேனாவின் கெத்ஸெமானி என்று தென்னமெரிக்காவில் கடலும் மலிவான கட்டிலும் சேர்ந்து கிடைக்கிற ஊரிலெல்லாம் விடுதிக்கு ஒருவர் உண்டு. விருந்தாளி என்று சொல்ல முடியாது, வேலையாள் என்றும் சொல்ல முடியாது. கல்யாண வீட்டில் முதல்நாளே வந்து பந்தி மேற்பார்வையைக் கையில் எடுத்துக்கொள்ளும் ஒன்றுவிட்ட சித்தப்பா எந்தக் கணக்கோ, அந்தக் கணக்கு.

நான் போய்ச் சேர்ந்தது ஒரு சாயங்காலம். சாந்தியாகோவிலிருந்து 120 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கீழே துறைமுகத்தை ஒட்டிச் சேலைக் கரை அகலத்துக்குச் சமதரை, மற்றதெல்லாம் குன்று. நாற்பதுக்கு மேல் குன்றுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் தகரம் போர்த்திய வீடுகள், கையில் கிடைத்த சாயத்தையெல்லாம் பூசிக்கொண்டு. ஏறுவதற்கு 'ஆசென்சோர்' என்று பெட்டி வைத்திருக்கிறார்கள். நம் பழனி விஞ்ச் மாதிரிதான். முதலாவது ஓடத் தொடங்கியது 1883இல். எங்கள் குன்றின் பெட்டி அன்றைக்கு ஓடவில்லை. முதுகில் பையோடு படியேறி, நுரை தள்ளி வாசலில் நின்றபோது, பெரியப்பா படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு கொடுத்தீங்க?" என்றார். வணக்கமெல்லாம் பிறகு.

சொன்னேன்.

"பெசோவிலா கொடுத்தீங்க?"

ஆமாம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். வெளிநாட்டுக்காரன் டாலரில் கட்டினால் அறை வாடகைக்கு 19 சதவீத வரி கிடையாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அது தெரியாமல் பெசோவை எண்ணிக் கொடுத்த மூடனை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, தங்கத்தைத் தவிட்டுக்கு விற்றுவிட்டு வந்த மருமகனை மாமனார் பார்க்கிற பார்வை.

"விமானத்திலா வந்தீங்க?" அடுத்த கேள்வி. சுகப்பிரசவம் இல்லையா என்று கேட்கிற அத்தையின் குரல். அவர் மெக்சிகோவிலிருந்து தரைவழியாகவே வந்தவர். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சாலையே கிடையாது, காடும் சதுப்பும்தான். அந்த இடத்தைப் பாய்மரப் படகில் கடந்தார். படகில் அத்தனை நாளும் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்ததை அவர் சொல்லவில்லை. கூட வந்த ஒருவர் எப்போதோ சொல்லி, அது விடுதி முழுக்கத் தெரிந்திருந்தது.

எட்டுப் பேர் அறையில் எனக்கு மேல்கட்டில். கீழ்கட்டில் அவருடையது. ஜன்னலோரம், கீழ்கட்டில், பிளக் பாயிண்ட் மூன்றும் ஒருசேர அமைந்த இடம் அந்த விடுதியிலேயே ஒன்றுதான். முன்னால் ஒரு துண்டைத் திரைபோல் தொங்கவிட்டு, உள்ளே கயிறு கட்டி, காலுறை காயப்போட்டு, தலைமாட்டில் சின்ன விளக்கும் வைத்துக் குடித்தனமே நடத்திக்கொண்டிருந்தார். நான் மாடிக் குடித்தனம். ராத்திரி இறங்கும்போது அவர் திரையை மிதிக்கக் கூடாது. ஏணியின் இரண்டாவது படி கிறீச்சிடும், அதில் கால் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பையில் கையை விட்டுச் சரசரக்கவே கூடாது.

சாமான் வைக்கிற பெட்டிக்குப் பூட்டுப் போட வேண்டும் என்றேன். "காசைக் கரியாக்காதீங்க" என்று ஒரு டிராயரைத் திறந்து காட்டினார். உள்ளே பூட்டுகள், ஏழெட்டு இருக்கும். எதற்கும் சாவி இல்லை. போனவர்கள் எல்லாரும் சாவியோடு போய்விட்டார்களாம். "வேணாம், என்கிட்டயே ஒண்ணு இருக்கு" என்றேன். அதை வாங்கிக் கையில் வைத்து எடை பார்த்தார். நல்ல பூட்டு என்று சான்றிதழும் கொடுத்தார்.

அவரிடம் இருந்தது எதுவும் விலைக்கு வாங்கியதில்லை. போட்டிருந்த கம்பளிச் சட்டை ஒரு நார்வேக்காரர் விட்டுப்போனது. செருப்பு ஜெர்மனி, துண்டு பிரேசில், கத்தி ஃபிரான்ஸ். ஒரு பொருளைக் காட்டினால் அதன் வம்சாவளி வரும். ஐக்கிய நாடுகள் சபையில்கூட அத்தனை தேசங்கள் அவ்வளவு ஒற்றுமையாக ஒரே உடம்பில் சேர்ந்திருக்காது.

அவருடைய ஆட்சிப்பரப்பு சமையலறை. குளிர்பெட்டியில் வைக்கிற பையில் பெயரும் புறப்படும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். தேதி தாண்டிவிட்டால் பொதுச்சொத்து. அவர் பையிலும் சீட்டு இருந்தது. தேதியை அடித்து, மேலே எழுதி, அதையும் அடித்து, இடம் போதாமல் இன்னொரு துண்டுச் சீட்டும் ஒட்டியிருந்தார். உள்தாள் ஒட்டிய பழைய ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது.

வெந்நீர் அடுத்த துறை. அங்கே குளிக்கிற தண்ணீரைச் சூடாக்குவது சுவரில் மாட்டிய எரிவாயுப் பெட்டி. தண்ணீர் ஓடும் வேகம் குறைந்தால் தீ தானாக அணைந்துவிடும். குளியலறையில் ஒருவர் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது சமையலறையில் ஒருவர் குழாயைத் திறந்தால் போதும். அங்கே வேகம் குறைந்து, தீ அணைந்து, பனிக்கட்டித் தண்ணீர் கொட்டும். அலறல் கேட்கும். ஆகவே காலை ஏழிலிருந்து எட்டரை வரை பாத்திரம் கழுவத் தடை. இது விடுதியின் விதியா என்று வரவேற்பு மேசையிலிருந்த பெண்ணிடம் கேட்டேன். "இல்லை, அவரோட விதி" என்றாள். கொஞ்சம் யோசித்து, "நானும் கழுவறதில்லை" என்றாள்.

ரொட்டி விஷயத்தில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. சிலியில் சாயங்காலச் சாப்பாட்டுக்கு 'ஓன்ஸே' என்று பெயர். ஓன்ஸே என்றால் பதினொன்று. ஆறு மணிக்கு மேல் சாப்பிடுவதற்கு ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். டீ, ரொட்டி, அதன்மேல் பிசைந்த வெண்ணெய்ப்பழம். காப்பியை நம்பி வந்தவர்கள் பாவம்; டப்பாத் தூள்தான். டீ உண்டு என்றதும் எனக்குப் பாதி ஊர் பிடித்துவிட்டது. தெருமுனைக் கடையில் ரொட்டியைக் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். நாலாகப் பிய்க்கிற மாதிரி நடுவில் கோடு விழுந்த ரொட்டி. வாங்கி வந்து, கற்ற வித்தையைக் காட்டலாமே என்று, "மராகேத்தா நல்லா இருக்கு" என்றேன்.

சமையலறையில் பேச்சு நின்றது.

"மராகேத்தா சாந்தியாகோவில்" என்றார் பெரியப்பா, வெண்ணெய்ப்பழத்தைக் கீறிக்கொண்டே. "இங்கே பான் பத்தீதோ." பிறகு, பையன் சின்னவன், தெரியாமல் சொல்லிவிட்டான் என்பதுபோல் மற்றவர்களைப் பார்த்துத் தலையாட்டினார். அங்கேயே பிறந்த மேசைப் பெண் எதிரில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எந்தப் பெயராக இருந்தாலும் சம்மதம்தான்.

வரலாறும் உண்டு. "1914க்கு முந்தி நீங்க இந்த ஊரைப் பார்த்திருக்கணும்" என்று ஆரம்பிப்பார், அவர் பார்த்தவர்போல. கேப் ஹார்னைச் சுற்றி வந்த கப்பலெல்லாம் இங்கே நின்றுதான் மூச்சுவிடும். பனாமாக் கால்வாயைத் திறந்தார்கள், கப்பல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன, ஊர் படுத்துவிட்டது. பங்காளி சொத்தை அபகரித்த கதையைச் சொல்கிற ஆத்திரம் அதில் இருக்கும். 2003இல் யுனெஸ்கோ ஊரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியதைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். "வாடகை ஏறினதுதான் மிச்சம்."

இத்தனை தெரிந்தவர் நெருடாவின் வீட்டுக்குப் போனதில்லை. பாப்லோ நெருடா 1961இல் குடியேறிய 'லா செபாஸ்தியானா' சில குன்றுகள் தள்ளித்தான் இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். எட்டு மாதத்தில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. "அது சுற்றுலாக்காரங்க போற இடம்." நுழைவுச்சீட்டு என்ன விலை என்று மட்டும் பைசா சுத்தமாகத் தெரிந்திருந்தது. நான் போய்விட்டு வந்த அன்று கேட்டார்:

"அங்கே ஜன்னல் வழியா என்ன தெரியுது?"

"கடல்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியால் நம் சமையலறை ஜன்னலைக் காட்டினார். கொட்டைச் செடிக்குப் பின்னால், தகரக் கூரைகளுக்கு அப்பால், அதே பசிஃபிக் கிடந்தது. இலவசமாக.

நாலாம் நாள் ராத்திரி கட்டில் ஆடியது. இரண்டடுக்குக் கட்டிலில் ஆட்டம் புதிதில்லை. ஒருவர் புரண்டால் மற்றவருக்கு நிலநடுக்கம்தான். ஆனால் நான் புரளவில்லை. ஜன்னல் கண்ணாடி கடகடத்தது, வெளிச்சுவரின் தகரம் முனகியது, கூரையில் தொங்கிய குமிழ்விளக்கு வட்டம் போட்டது. இருட்டில் ஒருவர் ஏதோ ஒரு மொழியில் கடவுளைக் கூப்பிட்டார், இன்னொருவர் செருப்பைத் தேடினார். கீழேயிருந்து குரல்: "நாலு புள்ளி எட்டு. தூங்குங்க."

ஆட்டம் நின்றது. எல்லாரும் படுத்தார்கள். சற்று நேரம் கழித்து ஏணியோரம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பெரியப்பா வெறுங்காலோடு, கைப்பேசி வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போனார். தம்ளரை ஜன்னல் விளிம்பிலிருந்து தூக்கித் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, திரையைச் சரிசெய்துகொண்டு, குறட்டை விட்டார்.

காலையில் பார்த்தால் அது 4.3தான். "அவங்க திருத்துவாங்க, பாருங்க" என்றார். மேசைப் பெண் ஆடியதைக் கவனிக்கவே இல்லை. இதெல்லாம் வெறும் 'தெம்ப்ளோர்'. 'தெர்ரெமோத்தோ' என்கிற பெரிய பட்டம் கொடுக்க 1906 போல ஊரே விழ வேண்டும், அல்லது 1960இல் தெற்கே வால்திவியாவில் வந்த 9.5 போல இருக்க வேண்டும். உலகத்திலேயே கருவியில் பதிவானதில் பெரியது அது. அதைப் பார்த்த நாட்டுக்காரி நாலு புள்ளி எட்டுக்கா எழுந்திருப்பாள்?

ஆறாம் நாள் அவருக்குப் பிரிவு உபசாரம். சுற்றுலாவாசியாக வந்தவருக்குச் சிலியில் 90 நாள்தான் அனுமதி. அது முடிகிறதென்று புறப்பட்டார். ஆண்டெஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவின் மெந்தோசாவுக்குப் போகிறாராம். ஒயின் திறந்தார்கள். ஒரு பெண் கிடாரில் வாசித்து அழுதாள். எனக்கும் தொண்டை அடைத்தது. ஊர் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். கொட்டையை என்னிடம் ஒப்படைத்தார். இரண்டு நாளைக்கொருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும், வெயில் பக்கம் இலையைத் திருப்ப வேண்டும், பாடக் கூடாது. பாடக் கூடாது என்பது எனக்கு மட்டும் சொன்னது.

மறுநாள் அவர் கட்டில் விரிப்பை ஏன் மாற்றவில்லை என்று மேசைப் பெண்ணிடம் கேட்டேன்.

"எதுக்கு? வியாழக்கிழமை வந்துடுவார்" என்றாள். எல்லை தாண்டித் திரும்பினால் புதிதாக 90 நாள் கிடைக்கும். இது மூன்றாவது பிரிவு உபசாரமாம். ஒயினுக்குப் பணம் போட்டது புதிதாக வந்தவர்கள் மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை வந்தார். பையை இறக்காமலே ஜன்னலுக்குப் போனார். ஐந்தாவது இலை விட்டிருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. குனிந்து வேரைப் பார்த்தார், இலையின் அடியைப் பார்த்தார்.

"தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்றார்.

மறுநாள் நான் கிளம்பினேன். பெரியப்பா என் பையை ஒருமுறை தூக்கிப் பார்த்து, "இவ்வளவு கனத்தை எதுக்குச் சுமக்கறீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அரைக்கிலோ அரிசி அங்கேயே இறங்கியது. ஷாம்பு இறங்கியது. ரசப்பொடியை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, இது எதற்கு என்றார். வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் போதும், ஜலதோஷத்துக்கு நல்லது என்றேன். அதுவும் இறங்கியது. பெட்டிவரை கூடவே வந்து வழியனுப்பினார். அன்றைக்கு ஆசென்சோர் ஓடியது. கதவு சாத்தி, பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கீழே இறங்கும்போது சில்லறைக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன். சாவி தட்டுப்பட்டது. பூட்டு இல்லை.