எதிர்வீட்டுத் திரை

எண்பதுகளில், கண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊரில் வாப்பாவின் தேத்தண்ணிக் கடைதான் செய்திகள் வந்து சேரும் இடம். வதந்திக்கு அப்போதும் பஞ்சமில்லை. ஆனால் கடைக்குள் வந்ததும் அது விசாரணைக்கு ஆளாகும். “நீ கண்டியா, கேட்டியா?” என்று எதிர்வீட்டுச் சிங்கள மாமா மடக்குவார், சொன்னவன் அவர் முகம் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். நோன்பில் உம்மா காய்ச்சும் கஞ்சி அவர் வீட்டுக்குப் போகும். சித்திரைப் புத்தாண்டுக்கு அங்கிருந்து கொக்கிஸ் வரும். எல்லாம் அன்புமயம் என்று சொல்ல மாட்டேன். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரக் கதையை மூத்தவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக் கறியில் மாவுக் கட்டி ஒன்று கிடந்தது. மலடாக்கும் மாத்திரை கலந்தாயா என்று கூட்டம் மிரட்டியது. சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் தலையசைத்துவிட்டார். அந்தக் காணொளி முகநூலில் பறந்தது. அப்படியொரு மாத்திரையே உலகில் கிடையாது. அதே நாட்களில் எங்கள் கண்டி மாவட்டத்தில், திகனப் பக்கம் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர்களால் தாக்கப்பட்டு இறந்தார். நீதிமன்றம் தண்டிக்க வேண்டிய குற்றம் அது. திரையில் அந்தச் சாவும் இல்லாத மாத்திரையும் ஒரே கதையாகிவிட்டன. மார்ச் முதல் வாரத்தில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை வந்தது. முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன.

அக்காலத்தில் பதிவுகளை வரிசைப்படுத்தும் முகநூலின் கணக்கில் ஒரு கோபக் குறி ஐந்து லைக்குகளுக்குச் சமம். ஆத்திரமூட்டும் பதிவுதான் மேலே ஏறும். அதைவிட எனக்கு வலித்தது வேறு. எதிர்வீட்டு மாமாவின் மகன் திரையில் எங்களைப் பற்றிய அச்சம்; என் திரையில் அவர்களைப் பற்றிய அச்சம். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியாது. தெரியாததை எப்படி மறுப்பது? பள்ளிவாசல்களுக்குக் காவல் நின்ற பிக்குமார்களும் இருந்தார்கள் என்ற செய்தி என் கைபேசிக்கு வரவேயில்லை. மாமாவின் மகன்தான் வந்து சொன்னான்.

அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 மே மாதம் ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது. கோபக் குறியின் மதிப்பையும் அந்த ஆண்டில் பூச்சியமாக்கியது. மன்னிப்பு வர இரண்டு வருடம் எடுத்தது.

நானும் மாமாவின் மகனும் அதற்காகக் காத்திருக்கவில்லை. மதத்தைப் பற்றி என்ன வந்தாலும், பகிரும் முன் அவன் கைபேசியை நான் பார்ப்பேன், என்னுடையதை அவன் பார்ப்பான். சில நாள் குரல் உயரும். போன கிழமை வந்த ஒரு காணொளியைப் பற்றி இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.